யாழ். பல்கலைக்கழக மாணவருக்கு என்னென்ன உதவிகள் உண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்துக்குப் புதிதாக வருபவர்கள், அவர்களுடைய பெற்றோர், வெளிநாட்டிலிருந்து இங்கே படிக்க நினைப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மாணவர் ஆலோசனை வேலையில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். உதவி கிடைக்காமல் கஷ்டப்படுபவர்கள் கொஞ்சப்பேர்; கேட்காமலே கஷ்டப்படுபவர்கள் நிறையப்பேர். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம், யாரிடம் போவது என்று தெரியாத குழப்பம் இன்னொரு பக்கம். குழப்பத்துக்கு இந்தப் பக்கம் உதவும். கூச்சத்தை நீங்கள்தான் விட வேண்டும்.

ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் யாரிடம் போவது?

உங்கள் பீடத்தின் மாணவ ஆலோசகரிடம். அவர்கள் விரிவுரையாளர்கள்தான், கற்பித்தலோடு இந்தப் பொறுப்பையும் ஏற்றிருப்பவர்கள். அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவ ஆலோசகர் இருக்கிறார். பணக்கஷ்டம், விடுதிச் சண்டை, வீட்டுப் பிரச்சினை, படிப்பில் பின்தங்கியது எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். அவரால் தீர்க்க முடியாவிட்டாலும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

விடுதி, உதவுதொகைப் படிவங்கள் என்றால் நலச்சேவைக் கிளை. பரீட்சை அனுமதி, பெறுபேறு என்றால் பரீட்சைக் கிளை. பாடப்பதிவு என்றால் பீடாதிபதி அலுவலகம்.

ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: எதையும் கடிதமாகக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். மேலே பெயர், பதிவிலக்கம், பீடம், வருடம், தொலைபேசி எண். நடுவில் என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று நாலு வரி. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கி வைத்திருங்கள். "போன மாதம் சேரிடம் சொன்னனான்" என்பதற்கு அலுவலகத்தில் பெறுமதி இல்லை. முத்திரை குத்திய பிரதிக்கு உண்டு.

நான் திருநெல்வேலியில் இல்லை. கிளிநொச்சியில் படிக்கிறேன். என்ன செய்வது?

பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. திருநெல்வேலிக்கு வர ஏ9 வீதியால் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். ஒரு கையெழுத்துக்காக ஒரு நாளைத் தொலைக்காதீர்கள். அங்கேயுள்ள பீட அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தால் அவர்களே அனுப்புவார்கள். நேரே வரத்தான் வேண்டும் என்றால், உரியவர் அன்று இருக்கிறாரா என்று அழைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். மருதனார்மடத்திலும் கைதடியிலும் படிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கே படிப்பவர்கள் தங்கள் நலச்சேவைக் கிளையைத்தான் நாட வேண்டும். பழைய நினைப்பில் இங்கே வந்து திரும்பிப் போகும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள்.

மகாபொல, பேர்சரி இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எவ்வளவு கிடைக்கும்?

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981 இல் அமைக்கப்பட்டது. ஒரு பகுதியை உயர்தரப் பரீட்சைத் திறமைக்காகவும், மற்றதைக் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் கொடுக்கிறார்கள். பேர்சரி எனப்படும் உதவுதொகை, மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும் பேர்சரியை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்துவதாக அறிவித்தார்கள். காசு மாதாமாதம் பிந்தாமல் வரும் என்று நம்பி அறை வாடகை பேசாதீர்கள். சில மாதத் தொகை சேர்ந்து தாமதமாக வருவது வழக்கம். விரிவுரை வரவு குறைந்தாலும் தொகை நிற்கக்கூடும்.

விண்ணப்பம் பெரும்பாலும் தட்டுப்படுவது ஆவணங்களில். வருமானச் சான்றிதழை கிராம சேவையாளர் தந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அப்படியே கொண்டுவருவார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்காது. தகப்பனுடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒன்றில் முதலெழுத்து இரண்டு, மற்றதில் ஒன்று. இதைக் கவுண்டரில் வைத்து வாதாடிப் பயனில்லை. இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பனோ தாயோ யுத்தத்தில் காணாமற்போன வீடுகளில் இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. அது நியாயம். 2016 இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின்படி, இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணாமற்போனார் என்பதற்கு மட்டும் சான்றிதழ் எடுக்கலாம். அது கையில் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கிராம சேவையாளரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நலச்சேவைக் கிளையில் தனியாகப் பேசக் கேளுங்கள். வரிசையில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டிய விஷயமல்ல அது.

மகாபொல, பேர்சரி இரண்டும் கிடைக்கவில்லை. வேறு வழி?

உண்டு. பழைய மாணவர் சங்கங்கள், நீங்கள் படித்த பாடசாலையின் வெளிநாட்டுக் கிளைகள், ஊர்ச் சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள் என்று பல இடத்தில் மாணவருக்கு மாதாந்த உதவி செய்கிறார்கள். இவை விளம்பரமாக வருவதில்லை. உங்கள் பாடசாலை அதிபருக்கும் மாணவ ஆலோசகருக்கும்தான் தெரிந்திருக்கும். நிலைமையை அவர்களிடம் சொல்லி வைத்தால், கொடுக்க ஒருவர் வரும்போது உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும். தனிப்பட்டவரிடம் உதவி பெறுவதென்றால் அதை ஆலோசகருக்குத் தெரியப்படுத்துங்கள். உதவி செய்கிறேன் என்று வந்து, இரவில் அழைப்பு எடுப்பவரும் படம் கேட்பவரும் உதவி செய்ய வந்தவரல்ல. உடனே நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

விடுதி எல்லோருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. இடம் குறைவு. பொதுவாக முதல் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமை. தூரமும் வருமானமும் பார்க்கப்படும். நடு வருடங்களில் வெளியே அறை தேட வேண்டி வரும் என்று இப்போதே எதிர்பாருங்கள். வீட்டில் திடீரென்று நிலைமை மாறினால் வருட நடுவிலும் கடிதம் கொடுக்கலாம்.

வெளியில் போடிங் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், நல்லூர்ப் பக்கங்களில் வீடுகளில் அறை கொடுக்கிறார்கள். முற்பணம் எவ்வளவு, போகும்போது திருப்பித் தருவார்களா, மின்சாரக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். பணிவாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டு உறவுகள் வந்து குவிவதால் அந்தப் பக்கம் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறும். முடிந்தால் அதற்கு முன்பே தேடி முடியுங்கள்.

பகிடிவதை நடந்தால் யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் பிறகு பிரச்சினை வராதா?

இந்தக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி கல்வி நிறுவனத்தில் பகிடிவதை குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்பட்டால் பத்து ஆண்டு வரை. வளாகத்துக்கு வெளியே அறையில் நடந்தாலும், இரவில் வட்ஸ்அப் அழைப்பெடுத்து மிரட்டினாலும் விஷயம் பாரதூரமானதுதான்.

முறையிட மாணவ ஆலோசகர், பீடாதிபதி, விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார்கள். உள்ளே யாரையும் நம்ப முடியவில்லை என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியில் நேரடியாக முறையிடலாம். ஆபத்து என்றால் பொலிஸ் அவசர எண் 119. செய்திகளையும் குரல்பதிவுகளையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். இரண்டு கிழமை கழித்து விசாரணையில் கேட்கும்போது ஞாபகம் தடுமாறும்.

பிறகு பிரச்சினை வருமா? சில நாட்களுக்குக் கதைக்காமல் விடுவார்கள், ஒதுக்குவார்கள். அது வலிக்கும். ஆனால் தனியே ஒருவர் போவதைவிட மூன்று நாலு பேர் சேர்ந்து போனால் அந்த ஒதுக்கல் கனகாலம் நிற்காது. "சீனியர் அண்ணாமார் பாசத்திலை செய்யினம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பாசம் உள்ளவர் பழைய வினாத்தாளைத் தருவார், நல்ல சாப்பாட்டுக் கடையைக் காட்டுவார். முழந்தாளில் நிற்கச் சொல்ல மாட்டார்.

மனம் சரியில்லை. நித்திரை வரவில்லை, படிக்க முடியவில்லை. இதற்கெல்லாம் வைத்தியரிடம் போகலாமா?

போகலாம், போக வேண்டும். காய்ச்சலுக்குப் போவதில்லையா? பல்கலைக்கழக சுகாதார நிலையத்தின் வைத்திய அதிகாரியிடம் முதலில் சொல்லுங்கள். அவர் தேவையைப் பார்த்து யாழ். போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தருவார். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு உண்டு. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், இலவசம். வைத்தியசாலை வேண்டாம், ஒருவரோடு ஆறுதலாகக் கதைத்தால் போதும் என்றால், யுத்த காலத்திலிருந்தே உளவள ஆலோசனை செய்துவரும் சாந்திகம் என்ற நிறுவனம் இருக்கிறது. நடு இரவில் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள்.

இன்று வளாகத்தில் இருக்கும் வன்னிப் பிள்ளைகளில் பலர் 2009 இல் நாலைந்து வயதுக் குழந்தைகள். பங்கருக்குள் இருந்தது, நடந்தது, பசி என்று துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பரீட்சைக் காலத்திலோ மே மாதத்திலோ காரணம் தெரியாமல் நெஞ்சு படபடக்கும். இது பலவீனமல்ல, உடம்பு மறக்காதது. சொல்லக் கூடியவரிடம் சொன்னால் குறையும்.

நீங்கள் ஆலோசகரையோ வைத்தியரையோ பார்த்தது பட்டச் சான்றிதழிலோ பெறுபேற்றிலோ வராது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ அறை நண்பருக்கோ வந்தால் காலை வரை பொறுக்காதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள், விடுதிப் பொறுப்பாளரை எழுப்புங்கள், 1990 க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

பரீட்சை நேரம் வருத்தம் வந்துவிட்டது. மெடிக்கல் எப்படிக் கொடுப்பது?

உடனடியாகத் தகவல் சொல்வது முக்கியம். குணமான பிறகு சொல்லலாம் என்று இருந்தால் காலக்கெடு போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் காட்டி எடுத்த சான்றிதழ் பாதுகாப்பானது. தனியார் வைத்தியரின் கடிதம் என்றால் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். எழும்ப முடியாவிட்டால் நண்பர் ஒருவரிடம் கடிதம் கொடுத்து பீட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கார்த்திகை, மார்கழி மழையோடு டெங்கு வரும் ஊர் இது. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் பரீட்சையைப் பார்க்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

நான் தெற்கிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல் போன்றவற்றைச் சிங்கள மாணவர்கள் பலர் இங்கே ஆங்கிலத்தில் படித்து முடித்திருக்கிறார்கள். (உங்களுக்கு இதை ஒரு தமிழ் நண்பர் வாசித்துக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள்.) கஷ்டம் வகுப்பில் இல்லை, வெளியில்தான். காய்ச்சலோடு மருந்துக்கடைக்குப் போய் எங்கே வலி என்று சொல்லத் தெரியாமல் திரும்பிவந்த, காலி ஊர்ப் பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். அறைத்தோழி அன்றிரவே "தலையிடி, வயித்துக்குத்து, சத்தி" என்று சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாள் பிறகு விடுதி முழுக்கப் பிரதியானது. இங்குள்ள தமிழ் மாணவருக்கு நான் சொல்வது: அப்படி ஒரு தாளை நீங்களாகவே எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டவர் இங்கே பட்டப்படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது?

முதற்பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக. வெளிநாட்டுப் பாடசாலைத் தகைமை இங்குள்ள உயர்தரத்துக்குச் சமமா என்று பார்ப்பதும் அங்கேதான். முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கு இங்குள்ள உயர் பட்டப்படிப்புகள் பீடத்தை நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். இலவசக் கல்வி இலங்கைப் பிள்ளைகளுக்கானது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. கட்டணத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

மொழியையும் யோசியுங்கள். கலைப்பீடத்திலும் இந்து கற்கைகளிலும் சித்த மருத்துவத்திலும் பல பாடங்கள் தமிழில். வீட்டில் தமிழ் கதைத்து ரொறன்ரோவிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளைக்கு விரிவுரைத் தமிழ் முதல் சில மாதம் கடினமாகவே இருக்கும். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். வருமுன் ஆறு மாதமாவது தமிழில் வாசித்து, கையால் எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும்.

வீசா?

சுற்றுலா வீசாவில் வந்து படிக்க முடியாது. அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகு பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோடு நுழைவு வீசா எடுத்து வந்து, இங்கே வதிவிட வீசாவாக மாற்ற வேண்டும். பொதுவாக ஓராண்டுக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் பத்தரமுல்லை சுகுருபாயவில். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு, அங்கிருந்து பத்தரமுல்லை. முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே பல்கலைக்கழகக் கடிதத்தைக் கேட்கத் தொடங்குங்கள்.

அம்மம்மா கொக்குவிலில் இருக்கிறா, காணி சுன்னாகத்தில் இருக்கு என்றாலும், கனடா பாஸ்போட்டில் வருபவர் வீசாச் சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கத் தகுதி இருந்தால் அது வேறு வழி; அதற்கும் காலம் எடுக்கும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருப்பது வசதி. கடவுச்சீட்டு தொலைந்தால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

வந்து இறங்கியதும் வெளிநாட்டு மாணவர் செய்ய வேண்டியவை?

நலச்சேவைக் கிளையில் உள்ளூர் முகவரியும் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணும் கொடுங்கள். கடவுச்சீட்டு, வீசாப் பக்கத்தின் பிரதிகளை அறையில் ஒன்றும் தொலைபேசியில் ஒன்றும் வையுங்கள். மருத்துவக் காப்புறுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலம் இது, தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று தண்ணீரில் இறங்கியிருப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. குடிக்கப் போத்தல் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ வாங்குங்கள்.

சில மாதம் மட்டும் ஆய்வுக்காக வருகிறேன். எனக்கும் உதவி கிடைக்குமா?

உங்கள் துறையோடு தொடர்புடைய திணைக்களத்தில் ஒருவர் உங்களை ஏற்றுக்கொண்டால் நூலக வசதியும் வழிகாட்டலும் கிடைக்கும். மனிதரிடம் தகவல் சேகரிப்பதென்றால் ஒழுக்கநெறி அனுமதி முதலில். மருத்துவ பீடத்தில் அதற்கு ஒரு குழு இருக்கிறது. யுத்தத்தில் இழந்தவர்களின் வீடுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் ஒரு மணி நேரம் அழ வைத்துவிட்டு வரும் ஆய்வை நாங்கள் விரும்புவதில்லை. அதன்பிறகு அந்த அம்மாவை யார் பார்ப்பது என்பதற்கும் திட்டத்தில் ஒரு பந்தி இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கு?

அனுமதியிலேயே விசேட ஒதுக்கீடு உண்டு. வந்த பிறகு, பரீட்சைக்கு மேலதிக நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர், கீழ்த்தள வகுப்பறை, கீழ்த்தள விடுதி அறை போன்றவற்றை வைத்திய அறிக்கையோடு பீடாதிபதியிடம் முதல் கிழமையிலேயே கேளுங்கள். கட்டடங்கள் எல்லாம் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையல்ல, அது எங்கள் குறை. ஆகவே உங்கள் நேரசூசியில் மாடியில் வரும் வகுப்புகளைக் குறித்துக் கொடுத்து, இடம் மாற்றக் கேளுங்கள். மாற்ற வேண்டியது அவர்கள் கடமை.

ஆங்கிலம் பலவீனம். பின்தங்கிப் போவேனா?

பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்புகளுக்கு விடாமல் போங்கள். முதல் அரையாண்டில் முக்கால்வாசிப் பேருக்கு இதே நிலைதான், சொல்வதில்லை.

படிப்பு முடிய வேலை தேட உதவுவார்களா?

தொழில் வழிகாட்டல் அலகு உண்டு. சுயவிபரக்கோவை எழுதப் பழக்குவார்கள், நேர்முகப் பயிற்சி, நிறுவனங்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகள் வைப்பார்கள். இறுதி வருடத்தில் ஓடிப்போவதைவிட இரண்டாம் வருடத்திலேயே எட்டிப் பார்த்தால் உள்ளகப் பயிற்சி தேடவும் உதவியாக இருக்கும்.

பெற்றோர் நாங்கள் நேரடியாக விரிவுரையாளரிடம் கதைக்கலாமா?

பிள்ளையின் உயிர், உடல்நலம் சம்பந்தமாக என்றால் எந்த நேரமும் ஆலோசகரை அழையுங்கள். புள்ளி, வரவு போன்றவற்றைப் பிள்ளையே கேட்கட்டும், அவர் வளர்ந்தவர். வழமையாக ஒவ்வொரு நாளும் கதைக்கும் பிள்ளை திடீரென்று "பிறகு எடுக்கிறன்" என்று வைக்கத் தொடங்கினால், பெறுபேற்றைப் பற்றிக் கேட்காமல் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு, அந்த வார இறுதியில் ஒருக்கால் வந்து பாருங்கள்.

பட்டம் முடிந்து போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நூலகப் புத்தகங்கள், விடுதித் திறப்பு, ஆய்வுகூடப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்து ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்குங்கள். அது முடியாமல் சான்றிதழ் எடுக்க முடியாது. வைப்புப் பணம் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டைக் காட்டி மீளப் பெறலாம்; பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பெறுபேற்று அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதிகளை இங்கிருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிவகார அமைச்சின் சான்றுப்படுத்தல் தேவைப்பட்டால் அதையும் நாட்டை விட்டுப் போகுமுன் முடியுங்கள். பிறகு கடல் கடந்து இருந்துகொண்டு ஒரு முத்திரைக்காக உறவினரை அலைக்க வேண்டியிருக்காது.